இடப்பக்கம் கால் சுற்று

ஜூன் 2, ஞாயிறு

கால் உடைந்து ஒரு வாரம் ஆகிறது. கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன். பரணிலிருந்த டேபிள் ஃபேனை இறக்கப் போய் நாற்காலியோடு சரிந்தேன். வால்பாறை, மூணாறு, ஊட்டி என்று வருடக்கணக்கில் மோட்டார் சைக்கிளில் சுற்றியவன் சொந்த வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து விழுந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஃபேக்டரியிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் "வழுக்கிருச்சு" என்று மட்டும் சொல்லிவைத்தேன். மலைப்பாதையில் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு. ஜூலை நடுவில்தான் பிரிப்பார்களாம். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டாகிவிட்டது. ஜன்னல் தலைமாட்டில் இருக்கிறது. எழுந்து உட்கார்ந்தால்தான் வெளியே தெரியும். எழுந்து உட்கார முடியாது.

தமயந்தி வந்துவிட்டாள். எனக்கு இருக்கிற ஒரே தங்கை. கல்யாணமாகாத அண்ணனுக்குக் கால் உடைந்தால் அவள்தானே வரவேண்டும். வந்ததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் அவள் தனியாக வரவில்லை.

ஏசி ரிப்பேர் செய்கிற லோகநாதனும் வந்திருக்கிறார். நான் அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்து வைத்திருந்தபோது, நான்கு வருடத்துக்கு முன்னால், ரிஜிஸ்டர் ஆபீஸில் போய் என் தங்கைக்கு மாலை போட்ட அதே லோகநாதன். வாங்கிய தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறியது நான். அவர்கள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த ஆளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார், சாப்பிடுவார், போவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச ஆரம்பித்தால் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று மரியாதை கொடுத்துத் தொலைக்க வேண்டும். அதற்குப் பேசாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

இன்று காலையில் அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தாங்கவில்லை.

"தமயந்தி, அவுங்களைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லு," என்றேன்.

அவள் சமையலறையிலிருந்து, "ஏனுங்க, சத்தத்தைக் குறைக்கோணுமாமா," என்றாள்.

"கேட்டுச்சு," என்றார் அவர், அவளைப் பார்த்து.


ஜூன் 5, புதன்

அரிசிம்பருப்பு சாதம். நெய் ஊற்றியிருந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வண்டியை எத்தனை நாள் சும்மா நிறுத்தி வைப்பது? பேட்டரி செத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல் என்றுதான் தமயந்தியிடம் சொன்னேன். ஓடவிட என்றால் என்ஜினை. அந்த ஆள் வண்டியையே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஏசி கேஸ் சிலிண்டரைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனாராம். பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். என் வண்டியை நான் மழையில்கூட நிறுத்தியதில்லை.


ஜூன் 9, ஞாயிறு

பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டார்.

மற்ற வண்டிகளில் பின்சக்கரத்தை இரும்புச் சங்கிலி இழுக்கும். என் வண்டியில் இழுப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். அதற்கு எண்ணெய் கூடாது, கிரீஸ் கூடாது, காய்ந்துதான் இருக்க வேண்டும். சங்கிலி என்றால் எண்ணெய் என்று பழகியவருக்கு ஓடுகிறதெல்லாம் சங்கிலி. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உதவி செய்கிறாராம்.

"சோப்புத் தண்ணில கழுவிக் காய வைக்கச் சொல்லு, இப்பவே," என்று கத்தினேன்.

"எண்ணெய் போட்டது ஒரு குத்தமா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது, அவளிடம்தான்.

"ஒரு குத்தமில்லை, ஒம்பது குத்தம்னு சொல்லு."

தமயந்தி இரண்டையும் சொல்லவில்லை. சோப்புத் தூளை எடுத்துக்கொண்டு போனாள்.


ஜூன் 12, புதன்

சாயங்காலம் வண்டி வரும்போது ஒரு சத்தம். கீச், கீச், கீச். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. படுத்திருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பெல்ட் ஓரம் உரசுகிறது.

பின் டயரில் ஆணி ஏறியிருக்கிறது. காந்திபுரத்தில் ஏதோ ஒரு பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மாட்டினவன் கோணலாக மாட்டியிருக்கிறான். இந்த வண்டிக்கென்று தனியாக இருக்கிற சர்வீஸ் ஆட்கள் கொச்சியில்தான். கொச்சிக்கு யார் போவது? நான் போக முடியாது. அந்த ஆளை அனுப்பினால் வண்டியே திரும்பி வராது.

"இனி வண்டியத் தொட வேண்டாம்னு சொல்லு," என்றேன்.

"நான்தானே கழட்டக் குடுத்தது, நானே நேர் பண்ணித் தர்றேன்னு சொல்லு. அடுத்தவங்க பொருளைக் கெடுத்துட்டுப் போற ஆளில்லை நான்," என்றார் அவர், வாசலில் நின்று செருப்பைக் கழற்றியபடி.


ஜூன் 13, வியாழன்

வேறு வேலை இல்லாததால் இதை எழுதி வைக்கிறேன். என் வேலையே அளவு பார்ப்பது. பம்ப் ஃபேக்டரியில் நான் சரி என்று முத்திரை குத்தாமல் ஒரு துண்டு இரும்பு வெளியே போகாது. பாலதண்டாயுதம் என்ற என் பேரைச் சுருக்கி எனக்குப் பின்னால் "தண்டம்" என்று சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பின்சக்கரத்தின் அச்சு இரண்டு பக்கமும் இரண்டு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு திருகு அதிகமாக இழுத்துவிட்டால் சக்கரம் ஒருக்களித்து நிற்கும். பெல்ட் ஒரு ஓரமாக ஒதுங்கும், அது ஓடுகிற புல்லியின் விளிம்பில் உரசும், கருப்புத் தூளாகக் கொட்டும். கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் அறுந்துவிடும். கம்பெனிக்காரன் பக்கவாட்டில் கோடு போட்டுத் தந்திருக்கிறான். அந்தக் கோட்டை நம்புகிறவன் முட்டாள். வெல்டிங் கம்பியின் நுனியை மடக்கி, அளவு குறிக்க அதில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, முன்னால் சக்கரத்தைத் தாங்கும் கவை வண்டியோடு சேர்கிற மையத்திலிருந்து அச்சு நடுவுக்கு இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேர். இல்லையென்றால் ஒன்றை முடுக்க வேண்டும், அல்லது இன்னொன்றைத் தளர்த்த வேண்டும். பெல்ட் ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் தளர்த்துவதுதான் முறை.

அந்தக் கம்பி என் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.


ஜூன் 16, ஞாயிறு

போர்டிகோவில் வண்டி நிற்கிறது, மூஞ்சி ஜன்னல் பக்கம். பின்னால் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் தமயந்தி. நான் கட்டிலில் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்படி ஒரு சர்வீஸ் உலகத்தில் எங்கும் நடந்திருக்காது.

அளந்ததை அவர் அவளிடம் சொல்ல, அவள் என்னிடம் சொன்னாள். இடப்பக்கம் கூடுதலாக இழுத்திருந்தது. பெல்ட் பக்கம் அதுதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

"இடப்பக்கத் திருகைக் கால் சுற்று தளர்த்தச் சொல்லு."

"ஏனுங்க, இக்கட்டால இருக்கறதைக் கால் சுத்து லூஸ் பண்ணோணுமாமா." இந்தப் பக்கம் என்பதை அவள் இக்கட்டால என்றுதான் சொல்வாள்.

நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றினார்கள். கீச் சத்தம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. கம்பி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கூடியிருக்கிறதாம். கால் சுற்று தளர்த்தினால் குறையத்தானே வேண்டும்? கூடுகிறது என்றால் சொன்னதைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அதையே சொன்னேன். வெளியே அவர் ஏதோ சொன்னார். தமயந்தி ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணா, இங்க பாரு. மாவுக்கட்டுப் பிரிக்கற வரைக்கும் நான் தூது போறேன். அன்னைக்கும் நீ அவர்கூடப் பேசலீன்னா, நானும் உங்கூடப் பேசறதில்லை. இந்த வீட்டு வாசலை மிதிக்கறதுமில்லை. உனக்கு அவரு வேண்டாம்னா நானும் வேண்டாம்."

"மெரட்டறியா?"

"ஆமா," என்றாள்.


ஜூன் 17, திங்கள்

யாரும் யாருடனும் பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது.


ஜூன் 23, ஞாயிறு

மறுபடியும். இடப்பக்கம் கால் சுற்று என்றேன். "இக்கட்டால" என்றாள். சுற்றினார். மோசமானது. சக்கரம் இப்போது கண்ணுக்கே கோணலாகத் தெரிகிறதாம்.

நான் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்கிறார். வேண்டுமென்றே செய்கிறார். என் வண்டி என்பதால் கெட்டால் கெடட்டும் என்று செய்கிறார். நிச்சயம் செய்த பெண்ணையே கூட்டிக்கொண்டு போனவருக்கு ஒரு வண்டியைக் கெடுப்பது என்ன பெரிய காரியம்?

மத்தியானம் வெளியே பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "உங்கண்ணன் வேணும்னே மாத்தி மாத்திச் சொல்றாரு. நான் வண்டியத் தொடாம ஓடிப் போகோணும்னு பாக்கறாரு." தமயந்தி என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. என் பக்கம் பேசியிருப்பாள் என்று நினைக்கிறேன். பேசாமலும் இருந்திருக்கலாம்.


ஜூன் 27, வியாழன்

டாக்டர் நாற்காலியில் உட்காரலாம் என்றார். ஜன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்தேன். சிறுவாணித் தண்ணீர் வந்தது, குடத்துக்குச் சண்டை நடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தமயந்தி முடியை வெட்டிவிட்டாள், காதோரம் கொஞ்சம் கோணல். அளவு பார்க்கிறவன் தலையிலேயே கோணல் என்று சிரித்தாள். இந்தப் பெண் இல்லாமல் நான்கு வருடமாக இந்த வீட்டில் என்னத்தைச் செய்துகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பண்டிகைக்கு வந்து போவது ஒரு வருகையா? அவள் போன பிறகு டிவியைத் தூங்கும்வரை ஓடவிட்டுக்கொண்டிருப்பேன், ஏதாவது பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று. மாவுக்கட்டைப் பிரிக்கவே வேண்டாம் என்றுகூட இன்று நினைத்தேன். அதற்காக அந்த ஆளோடு பேச முடியுமா? அதுவும் முடியாது.


ஜூன் 30, ஞாயிறு

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போர்டிகோவிலிருந்து அந்தக் குரல், போனில் எவனிடமோ: "அளவு பாக்கறவராமா. அளவு பாக்கற தண்டம்." சிரிப்பு வேறு.

அந்தப் பேர் அவருக்கு எப்படித் தெரியும்? தமயந்திதான் சொல்லியிருக்க வேண்டும். காபியைத் தள்ளி வைத்தேன்.

பத்து மணிக்கு வழக்கம்போல ஸ்டாண்ட். இன்று நான் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தேன், எல்லாம் தெரிந்தது. "இடப்பக்கம் கால் சுற்று," என்றேன். தமயந்தி வண்டியின் மூஞ்சிக்கு நேராக நின்றுகொண்டு, தன் இடது கையை நீட்டி, "இக்கட்டால," என்றாள்.

வண்டி அவளைப் பார்த்து நிற்கிறது. அவளுக்கு இடது, வண்டிக்கு வலது.

அந்த ஆள் அவள் காட்டிய பக்கம் போய், அவள் சொன்னபடி கால் சுற்று சரியாகத் தளர்த்தினார். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் செய்திருக்கிறார். வலப்பக்கத்தைத் தளர்த்தத் தளர்த்த வித்தியாசம் கூடாமல் என்ன செய்யும்?

சொல்லியிருக்கலாம். "பெல்ட் பக்கம்" என்று இரண்டு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. தண்டத்துக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் திண்டாடட்டும்.


ஜூலை 3, புதன்

சொல்லவில்லை. தலைவலி.


ஜூலை 5, வெள்ளி

வாக்கர் வந்துவிட்டது. ஹாலிலிருந்து போர்டிகோவரை நடந்தேன், அக்குளெல்லாம் வலி. வண்டிக்குக் கீழே தரையில் கருப்புத் தூள் கிடந்தது. காலால் தள்ளிவிட்டேன்.

தமயந்தி, "நீ ஏதாவது பாத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். "சொல்றதைத்தான் சொல்லிட்டிருக்கறேன்," என்றேன். அது பொய்யில்லை.


ஜூலை 7, ஞாயிறு

விரல் போய்விட்டது.


ஜூலை 8, திங்கள்

தூக்கம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று நான் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இனி உங்கண்ணன் பேச்சைக் கேட்கப் போவதில்லை, நானே கண்டுபிடிக்கிறேன் என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் சட்னி அரைக்க உள்ளே போனாள்.

வலது கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, பெல்ட் எந்த ஓரத்தில் உரசுகிறது என்று இடது கை விரலால் தடவிப் பார்த்தார். விரல் மெதுவாகக் கீழே நகர்ந்தது. பெல்ட் புல்லிக்குள் நுழைகிற இடம் அங்கே இருக்கிறது. கனமான சக்கரம், கையால் சுற்றினாலும் சட்டென்று நிற்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

கத்தினேன். நான் கத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"தமயந்தி! அவுங்களைக் கையை எடுக்கச் சொல்லு!"

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டு அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்க்க. பழக்கம். நான் பேசினால் அவர் அவளைத்தான் பார்ப்பார். கை அங்கேயே இருந்தது.

ஆட்டோவில் அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஆள்காட்டி விரலின் மேல் கணு நசுங்கிவிட்டது, எடுத்துவிட்டார்கள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது, அணைக்க ஆளில்லை. அப்புறம் நான்தான் போய் அணைத்தேன்.


ஜூலை 9, செவ்வாய்

அவர் முன்னறையில் படுத்திருக்கிறார். முனகல் கேட்கிறது. தமயந்தி எனக்குத் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

யாராவது சுற்றும் பெல்ட்டில் விரலை வைப்பார்களா? தப்பு என் மேலா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.


ஜூலை 11, வியாழன்

இன்று அவளாக வந்து கட்டிலோரம் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீ யாரைக் கூப்பிட்டே?"

"கத்தினேனே, உனக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேட்டுச்சு. நீ யாரைக் கூப்பிட்டேன்னு கேக்கறேன். அந்த பெல்ட்டுல என் கையா இருந்துச்சு? ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கற மனுசனை, 'கையை எடு'ன்னு சொல்றதுக்கு உனக்கு நான் வேணுமா?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"'டேய்'னு சொல்லியிருந்தாக்கூட எடுத்திருப்பாரே அண்ணா. திட்டியிருந்தாக்கூட எடுத்திருப்பாரே."

அழுதுகொண்டே போய்விட்டாள். கட்டுப் பிரித்த அன்றே கிளம்புகிறார்களாம், அவர் சொன்னதாகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லையாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எந்த வார்த்தை போட்டு எழுதினாலும் அதுதான்.

அவளுக்கு முப்பதாம் தேதி விஷயம் தெரியாது. அவள் நீட்டியது தப்பான கை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது யாருக்குமே தெரியாது.


ஜூலை 14, ஞாயிறு

முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை யாரும் வண்டியைத் தொடவில்லை. அது ஸ்டாண்டில் அப்படியே, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மத்தியானம் அவர் ஹாலுக்கு வந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். கையில் பெரிய கட்டு. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நான்கு வருடம் மூடி வைத்த கதவு துருப்பிடித்துக் கிடக்கிறது. அவர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.


ஜூலை 17, புதன்

சந்தகை செய்தாள். மூன்று பேரும் தனித்தனி நேரத்தில் சாப்பிட்டோம்.


ஜூலை 19, வெள்ளி

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் மெலிந்து, வெளுத்து, யாருடைய கால் போலவோ இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தமயந்திதான் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போதும் வரும்போதும் ஆட்டோவில் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் இரண்டு பைகள், துணி மூட்டை, அவருடைய டூல்ஸ் பெட்டி. நான்கு மணிக்கு வாடகை வண்டி சொல்லியிருந்தார்கள். அவரைக் காணோம். போர்டிகோவிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஒரு கையில் கட்டோடு, இன்னொரு கையால் அச்சு நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, கெளம்பற நேரத்துல?" என்றாள் தமயந்தி.

"நான் கழட்டக் குடுத்த சக்கரம். பாதியில விட்டுட்டுப் போனா நாளைக்கு இதையும் சொல்லுவாங்க," என்றார்.

கம்பியை ஒரு கையால் அச்சில் வைத்தார், வளையத்தை நகர்த்த இன்னொரு கை வேண்டும். கம்பி நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கம்பியைத் தரையிலிருந்து எடுத்தேன்.

"மாப்ள," என்றேன்.

அவர் நிமிரவில்லை. தமயந்தி கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"பெல்ட் இருக்கறதுதான் வண்டிக்கு இடது. தமயந்தி எதுத்தாப்பல நின்னு அவ இடது கையைக் காட்டினா. அதனால நீங்க வலதைத் திருகிட்டு இருந்தீங்க. தப்பு உங்க மேல இல்லை, அவ மேலயும் இல்லை. எனக்கு அது முப்பதாம் தேதியே தெரிஞ்சுபோச்சு. என்னைத் தண்டம்னு சொன்னீங்கன்னு கோவம். வேணும்னேதான் சொல்லாம இருந்தேன். சொல்லியிருந்தா ஏழாந்தேதி நீங்க இதைத் தடவிப் பாத்திருக்கவே வேண்டியதில்லை. விரல் என்னாலதான் போச்சு மாப்ள."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். கட்டுப் போட்ட கையை ஒரு முறை பார்த்தார். அப்புறம் தமயந்தியிடம் திரும்பினார்.

"உங்கண்ணனைக் கம்பியைப் புடிக்கச் சொல்லு."

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் பிடித்தேன்.

அவர் வளையத்தை நகர்த்தினார். முதலில் வலப்பக்கத்தில் தளர்த்தியதையெல்லாம் திருப்பி முடுக்கினார். அப்புறம் இடப்பக்கத்துக்கு, பெல்ட் பக்கத்துக்கு வந்து, கால் சுற்று தளர்த்தினார். அளந்தோம். இன்னும் கொஞ்சம். அளந்தோம். இரண்டு பக்கமும் வளையம் ஒரே இடத்தில் நின்றது. நட்டை ஒரு கையால் இறுக்க அவருக்குத் தெம்பு போதவில்லை. ஸ்பேனரின் நுனியில் நானும் கை வைத்தேன். தள்ளிவிடவில்லை. சக்கரத்தைச் சுற்றும்போது மட்டும் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார், நான்தான் சுற்றினேன். பெல்ட் நடுவில் ஓடியது. சத்தமே இல்லை.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். லோகநாதன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

"போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்லை," என்றேன். "ஆனா வராம இருந்துடாதீங்க மாப்ள."

படியிறங்கப் போனவர் நின்றார். திரும்பவில்லை.

"தமயந்தி, உங்கண்ணங்கிட்டச் சொல்லு. நாலு வருசம் அவரு எங்கூடப் பேசலை. இனி நாலு வருசம் நான் அவருகூடப் பேசமாட்டேன். பொங்கலானாலும் சரி, தீவாளியானாலும் சரி, அவர் எதுக்கவே உக்காந்து சோறு திம்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

தமயந்தி என்னைப் பார்த்தாள். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, எனக்கு எதுவுமே கேட்காதது போல, முழுவதையும் மறுபடி சொன்னாள். "அண்ணா, அவரு நாலு வருசத்துக்கு உங்கூடப் பேசமாட்டாராமா. உன் எதுக்கவே உக்காந்து சாப்பிடுவாராமா."

நான் ஒரு ஆளோடு பேசாமல் இருந்து பழகியவன். அதற்கு அந்த ஆள் வந்தாக வேண்டும், எதிரில் உட்கார்ந்தாக வேண்டும். வராத ஆளோடு யாராலும் பேசாமல் இருக்க முடியாது.

"சரின்னு சொல்லு," என்றேன்.